கடைசிக் கைக்கு வரும் பெட்டி

பார்சல் பெட்டிகளைச் சோதிக்கும் முறைகளை வகுத்துத் தரும் உலகளாவிய அமைப்பு ஒன்று உண்டு. இஸ்டா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதன் அடிப்படைச் சோதனையில், ஏறக்குறைய 9.5 கிலோ வரை எடையுள்ள பெட்டியை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பத்து முறை கீழே போடுவார்கள். முதலில் ஒரு மூலை இடிபட வேண்டும். அடுத்து, அந்த மூலையில் வந்து கூடும் மூன்று விளிம்புகள். கடைசியாக ஆறு பக்கங்கள். எடை கூடினால் போடும் உயரம் குறையும்: ஏறக்குறைய 18 கிலோ வரை 61 சென்டிமீட்டர், 27 கிலோ வரை 46 சென்டிமீட்டர்.

76 சென்டிமீட்டர் என்பது ஒரு மேசையின் உயரம். பெட்டி மேசையிலிருந்து நழுவி விழலாம், தூக்கிக்கொண்டு போகிறவரின் இடுப்பு உயரத்திலிருந்து நழுவலாம் என்று எதிர்பார்த்துத்தான் பேக்கிங் செய்கிறார்கள். அந்த உயரத்திலிருந்து விழும் பெட்டி மணிக்குக் கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். பூட்டிய கேட்டுக்கு மேலாகக் கையை உயர்த்தி, உள்பக்கம் போட்டுவிட்டுப் போகும்போது பெட்டி 2 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. வேகம் 22 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். மோதும் ஆற்றல் இரண்டரை மடங்குக்கும் மேல். அந்த அடியைத் தாங்கும் என்று அந்தப் பெட்டியைச் செய்தவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

உள்ளே நடப்பதையும் பார்க்க வேண்டும். பொருளைச் சுற்றியிருக்கும் பபுள் ஷீட்டோ தெர்மாகோலோ 2 சென்டிமீட்டர் நசுங்கி அந்த வேகத்தை வாங்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். 76 சென்டிமீட்டர் விழுந்த பொருள் தன் எடையைப்போல் சராசரியாக 38 மடங்கு விசையைத் தாங்கினால் போதும். அதே தெர்மாகோல் முன்பே ஒரு முறை அடிவாங்கி நசுங்கிப்போய், இப்போது அரை சென்டிமீட்டர்தான் நசுங்க மிச்சமிருக்கிறது என்றால், அதே உயரத்துக்கு விசை 150 மடங்கைத் தாண்டும். தெர்மாகோல் ஒரு முறை நசுங்கினால் பழைய கனத்துக்குத் திரும்பாது. வெடித்த பபுள் மறுபடி காற்றை நிரப்பிக்கொள்ளாது. வெளியே பெட்டி மூலை மடங்காமல் நன்றாகவே இருக்கலாம். உள்ளே காப்பு தீர்ந்துபோயிருக்கும்.

அதனால்தான் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறவரின் கவனம் மற்ற எல்லோரின் கவனத்தையும்விட முக்கியம் என்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து ஒரு டேபிள் டாப் கிரைண்டர் சென்னை குரோம்பேட்டைக்கு வருகிறது என்றால், கடையில் கட்டியவர், பிக்கப் எடுத்தவர், அங்கே பார்சல்களைப் பிரித்து அனுப்பும் இடமான ஹப்பில் இறக்கியவர், பிரித்தவர், லாரியில் ஏற்றியவர், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமோ செங்குன்றம் பக்கமோ உள்ள பெரிய கிடங்கில் இறக்கியவர், மறுபடி பிரித்தவர், ஏரியா ஹப்புக்கு ஏற்றியவர், இறக்கியவர், ரூட்டுக்கு ஒதுக்கியவர் என்று பத்துக் கைகளாவது அதற்குள் தொட்டிருக்கும். அதில் யார் போட்டார், எத்தனை முறை போட்டார் என்று பெட்டியின் மேல் எழுதியிருக்காது. டெலிவரி செய்கிறவர் கைக்கு வரும்போதுதான் அந்தப் பெட்டி தன் பயணத்திலேயே மிகப் பலவீனமான நிலையில் இருக்கிறது. கிடங்கில் பத்து முறை தாங்கிய பெட்டி வாசலில் ஒரு தட்டலில் உடைவதற்குக் காரணம் இதுதான்.

காலையில் ஹப்பில்

நீங்கள் டெலிவரி செய்கிறவர் என்றால், அன்றைக்குக் கொடுக்க வேண்டிய பார்சல்களின் பட்டியலான ரன்ஷீட் கையில் வந்ததும் ஸ்கேன் செய்து பையில் போடுவதுதான் வழக்கம். ஸ்கேன் செய்த நொடியிலிருந்து அந்தப் பார்சல் உங்கள் பொறுப்பு. ஆகவே பார்க்க வேண்டியதை ஸ்கேனுக்கு முன்னால் பார்க்க வேண்டும். ஒரு பெட்டிக்கு ஐந்து நொடி போதும். பழகிவிட்டால் கை தானாகவே செய்யும்.

இரண்டு கையாலும் தூக்கி மெதுவாக ஒரு பக்கம் சாய்த்துத் திருப்புங்கள். குலுக்க வேண்டாம். உள்ளே ஏதாவது உருண்டு இடித்தால், பொருளுக்கும் பெட்டிக்கும் நடுவே காலி இடம் இருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடித் துகள் சரசரப்பு வேறு மாதிரி இருக்கும், ஒரு முறை கேட்டால் மறக்காது. அடிப்பக்கத்தைத் தடவுங்கள்: ஈரம், எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா? முகர்ந்து பாருங்கள். ஊறுகாய், வாசனைத் திரவியம், ஃபினாயில் ஆகியவை கசிந்தால் கண்ணுக்கு முன் மூக்குக்குத் தெரியும். எட்டு மூலைகளில் எது மடங்கியிருக்கிறது என்று பாருங்கள். டேப் ஒரே வகையா, ஒரு டேப்புக்கு மேல் வேறு டேப் ஒட்டியிருக்கிறதா? லேபிளில் 2 கிலோ என்றிருக்கும் பெட்டி கையில் கால் கிலோபோலத் தெரிந்தால் அதைத் தனியே வையுங்கள்.

இவற்றில் எது இருந்தாலும் ஹப்பின் வெளிச்சத்திலேயே படம் எடுத்துவிட வேண்டும். லேபிள் தெரியும்படி ஒன்று, சேதம் தெரியும்படி ஒன்று. அதன்பின் ஹப் பொறுப்பாளரிடம் காட்டி, சேதம் என்று பதிவுசெய்யச் சொல்லுங்கள். “அண்ணா, போய்க் கொடுத்துப் பாரு, வாங்கினா வாங்கட்டும்” என்ற பதில் பல இடங்களில் வரும். சேதத்துக்கான பணத்தை ரைடரின் கணக்கில் பிடிக்கும் ஏற்பாடு இருக்கும் இடத்தில், அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு ஸ்கேன் செய்வது பத்துப் பேரின் தவறை ஒருவர் தோளில் வாங்கிக்கொள்வதுதான். படம் இருந்தால் பேச்சுக்கு இடம் இருக்கும்.

‘உடையக்கூடியது’ என்ற சிவப்பு ஸ்டிக்கரை நம்பி வேலை செய்யாதீர்கள். டி-ஷர்ட்டுக்கும் ஒட்டுகிறார்கள், கண்ணாடிக் கிண்ணத்துக்கு ஒட்டாமலும் விடுகிறார்கள். பெட்டியிலேயே அச்சிட்ட குறிகள் அதைவிட நம்பகமானவை, ஏனென்றால் அவற்றைப் போட்டது பொருளைச் செய்தவர். காலுள்ள கண்ணாடிக் கோப்பை உடையும் பொருளைக் குறிக்கும். மேல்நோக்கிய இரண்டு அம்புகள் இந்தப் பக்கம்தான் மேலே இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. குடை என்றால் நனையக் கூடாது. சூரியன் என்றால் வெப்பத்திலிருந்து தள்ளி வை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டிப் படத்தில் எண் இருந்தால், அந்த எண்ணிக்கைக்கு மேல் அடுக்காதே. உலகம் முழுவதும் இவை ஒரே மாதிரிதான். மொழி தெரிய வேண்டியதில்லை.

பையில் அடுக்குவது

வேலையின் கஷ்டமான பகுதி இதுதான். இதைப் பற்றி யாரும் சரியாகச் சொல்லிக்கொடுப்பதும் இல்லை.

இரண்டு வரிசைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. ரூட் வரிசைப்படி பார்த்தால், கடைசி வீட்டின் பார்சல் பையின் அடியில், முதல் வீட்டினுடையது மேலே இருக்க வேண்டும். எடை வரிசைப்படி பார்த்தால் கனமானது அடியில், லேசானது மேலே. முதல் வீட்டுக்கு 6 கிலோ அரிசிக் குக்கரும் கடைசி வீட்டுக்குக் கண்ணாடி ஃப்ரேமும் வந்துவிட்டால் இரண்டில் ஒன்றைத் தியாகம் செய்ய வேண்டும். பெரும்பாலானவர்கள் ரூட் வரிசையைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். கண்ணாடி அடியில் போகிறது.

பையை மாடியாக நினைக்காமல் அறைகளாகப் பிரித்தால் இந்த மோதல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பைக்குள் நெட்டுக்குத்தாக ஓர் அட்டைத் தடுப்பு வையுங்கள். ஐந்து பிளை அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டிப் பையின் உயரத்துக்குச் சரியாக நுழைத்தால் போதும். ஒரு பக்கம் கெட்டியான, கனமான பெட்டிகள் மட்டும், ரூட் வரிசையில். மறுபக்கம் லேசானவை, உடைபவை, அவையும் ரூட் வரிசையில். கனமானது கனமானதோடும், மென்மையானது மென்மையானதோடும் நிற்கும். துணிக் கவர்களை இடைவெளிகளில் செருகுங்கள். அவை நசுங்கினாலும் கெடாது, பெட்டிகளை ஆடாமல் பிடித்துக்கொள்ளும். புடவைக் கவர் மட்டும் இதற்கு விலக்கு. பட்டுப் புடவையின் மடிப்பில் கனம் ஏறினால் ஜரிகையில் மடிப்புக் கோடு விழுந்துவிடும்.

சதுரமான ஒரு பெட்டி மேல் சுமை ஏறும்போது அந்தச் சுமையின் பெரும்பங்கைத் தாங்குவது அதன் நான்கு செங்குத்து மூலைகள். நடுப்பக்கம் வெளியே பிதுங்கிக்கொடுக்கும், மூலைதான் தூண் மாதிரி நிற்கும். ஆகையால் பெட்டிமேல் பெட்டி வைத்தால் மூலைக்கு மேல் மூலை வர வேண்டும். செங்கல் சுவர் கட்டுவதுபோல் மாற்றி மாற்றி வைப்பது பார்க்கக் கட்டுறுதியாகத் தெரியும். ஆனால் மேல்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் நடுவில் இறங்கி, அது தாங்கும் திறனில் ஏறக்குறைய பாதியை எடுத்துவிடும். மேல்பெட்டி கீழ்ப்பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் இதே கதிதான். வேனில் அடுக்குகிறவர்கள் இதை அப்படியே பின்பற்றலாம். வரிசை சாய்ந்துவிடும் என்று பயமிருந்தால், மேலே இரண்டு அடுக்கை மட்டும் மாற்றி வையுங்கள்.

பைக்கின் பின் கேரியர் குலுங்குவதில் முதலிடம். வேகத்தடையில் பின்சக்கரம் ஏறும்போது, சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கேரியர் முனை சக்கரத்தைவிட அதிகமாக மேலெழும்பி விழும். உடையும் பெட்டியை அங்கே கட்டாதீர்கள். இருக்கையின் நடுப்பக்கம் நல்லது. ஸ்கூட்டராக இருந்தால் கால் வைக்கும் தளம் இன்னும் நல்லது. கனமும் தாழ்வாக இருக்கும், வண்டியும் ஆடாது, ஆனால் ஹேண்டில் திரும்ப இடம் விட வேண்டும். முதுகுப் பையில் இருக்கும் பொருளுக்குக் குலுக்கல் குறைவு, உங்கள் உடம்பு அதை வாங்கிக்கொள்கிறது. அதற்காக 15 கிலோவை முதுகில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். உங்கள் இடுப்பும் உடையக்கூடிய பொருள்தான்.

பழைய ட்யூபை வெட்டி இறுக்கிக் கட்டுவது நம் ஊர் வழக்கம். ட்யூப் கட்டு பெட்டியை நன்றாகப் பிடிக்கும், ஆனால் விளிம்பை அறுத்துக்கொண்டு இறங்கும். ட்யூபுக்கும் பெட்டி விளிம்புக்கும் நடுவே மடித்த அட்டைத் துண்டு ஒன்றை வைத்தால் அழுத்தம் பரவிவிடும். கொக்கி போட்ட எலாஸ்டிக் கயிறாக இருந்தால் கொக்கி கம்பியில் மாட்ட வேண்டும், பெட்டியின் டேப்பிலோ பிளாஸ்டிக் பட்டையிலோ மாட்டக் கூடாது.

தூக்கும் விதத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஒரு கை அடிமூலையில், மற்றொரு கை அதற்கு எதிர் மேல்மூலையில். அப்படிப் பிடித்தால் பெட்டி கையை விட்டு நழுவுவது மிகவும் குறையும். பட்டையைப் பிடித்துத் தூக்காதீர்கள், பட்டை மூடியைக் கட்டத்தானே தவிர எடையைத் தாங்க அல்ல. முழங்காலை மடக்கி இறங்கி, பெட்டியை உடம்போடு அணைத்து எழுந்திருங்கள். இறக்கும்போது ஒரு விளிம்பு முதலில் தரையைத் தொடட்டும், பிறகு விரலை உருவிக்கொள்ளுங்கள். கடைசி 5 சென்டிமீட்டரில் கையை விடும் பழக்கத்தால்தான் அடிப்பக்கம் பலமுறை அடிவாங்குகிறது.

எது எப்படிக் கெடும்

எல்லாப் பொருளையும் பூப்போல ஏந்திக்கொண்டு போக யாராலும் முடியாது, தேவையும் இல்லை. திருப்பூர் பனியன் கவரை இரண்டடி தூரம் எறிந்தாலும் பனியனுக்கு ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பகை உண்டு. அந்தப் பகையிடமிருந்து காத்தால் போதும்.

டி.வி.க்குப் பகை படுக்கை. எல்.சி.டி. திரையில் அரை மில்லிமீட்டர் அளவே கனமுள்ள கண்ணாடித் தகடுகள் இருக்கின்றன. நிமிர்த்தி வைத்தால் கண்ணாடியின் எடை அதன் விளிம்பில் நிற்கும். படுக்கவைத்தால் நடுப்பகுதி தொங்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் மேலும் கீழும் அதிரும். திரைப் பக்கத்தின் நடுவில் கை வைத்து அழுத்தினாலும், அதன்மேல் வேறு பெட்டி சாய்ந்தாலும் வெளியே தெரியாமல் விரிசல் விடும். 43 அங்குலத்துக்கு மேல் இரண்டு பேர் தூக்க வேண்டும், மாடிப்படியில் கீழே நிற்பவர்தான் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

ஃப்ரிட்ஜுக்குப் பகை சாய்வு. கம்ப்ரஸருக்குள் எண்ணெய் இருக்கிறது. படுக்கவைத்தால் அந்த எண்ணெய் வாயுக் குழாய்க்குள் போய்விடும். கம்ப்ரஸரின் மோட்டார் ஸ்பிரிங்மேல் உட்கார்ந்திருப்பதால், சாய்ந்த நிலையில் குலுங்கினால் இடம் பெயரவும் கூடும். 45 டிகிரிக்கு மேல் சாய்க்காமல் கொண்டுபோங்கள். வேறு வழியே இல்லாமல் படுக்கவைத்திருந்தால், எவ்வளவு நேரம் படுத்திருந்ததோ குறைந்தது அவ்வளவு நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே ஸ்விட்ச் போட வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். சொல்லாமல் வருவது பொருளைப் போட்டு உடைப்பதற்குச் சமம்.

கிரைண்டர் கனமானது, ஆகவே உறுதியானது என்ற நினைப்பு தப்பு. கருங்கல்லுக்கு ஒன்றும் ஆகாது. அந்தக் கல்லின் கனமே மற்ற பாகங்களை உடைக்கிறது. பெட்டியை ‘தொப்’பென்று வைத்தால் டிரம்மின் அடிக்கல் தன் எடை முழுவதையும் மோட்டார் தண்டின்மேலும் பிளாஸ்டிக் உடலின்மேலும் இறக்குகிறது. உருளைக்கற்களின் கட்டு தளர்ந்திருந்தால் அவை டிரம்முக்குள் உருண்டு ஸ்டீல் சுவரை உள்ளிருந்தே இடிக்கும். நகர்த்தும்போது கடகட என்ற சத்தம் கேட்டால், வாங்குபவர் முன்னால் திறந்து பார்ப்பதுதான் முறை.

நவராத்திரிக்கு முன் வரும் கொலு பொம்மைகள் தனிக் கவனம் கேட்பவை. விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் செய்த மண் பொம்மை கழுத்து, மணிக்கட்டு, கையில் பிடித்த வேல் அல்லது புல்லாங்குழல் என்று மெலிந்த இடத்தில்தான் உடையும். செட் பொம்மைகளில் ஒன்றையொன்று உரசிப் பெயின்ட் உரிவது அதைவிட அதிகம். இவற்றுக்கு ஒரு பெரிய விழுகையைவிட நூறு சின்னக் குலுக்கல்கள் ஆபத்து. பின் கேரியர் கூடவே கூடாது. ஆட்டோவோ வேனோ இருந்தால் அதில் போகட்டும். பைக்தான் என்றால் காலடித் தளத்தில், அடியில் ஒரு பழைய ஸ்பாஞ்ச் போட்டு.

திரவங்கள். நல்லெண்ணெய், ஊறுகாய், தேன் என்று ஊரிலிருந்து பிள்ளைகளுக்கு அனுப்பும் பார்சல்கள் இந்தக் கணக்கில் வரும். எண்ணெய் சூடேறினால் விரியும். 20 டிகிரி வெப்பம் ஏறினால் ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 14 மில்லி கூடுதல் இடம் கேட்கும். மேலே உள்ள காற்றும் சேர்ந்து அழுத்த, பாட்டில் படுத்திருந்தால் மூடி வழியாகக் கசியத் தொடங்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உருகும். ஊட்டியில் கெட்டியாக இருந்தபோது கசியாத டப்பா மேட்டுப்பாளையம் இறங்கியதும் கசிவது அதனால்தான். அம்புக்குறி இல்லாவிட்டாலும் திரவம் என்று தெரிந்ததை நிமிர்த்தியே வையுங்கள், துணிப் பார்சலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

பவர் பேங்க், செல்போன், லேப்டாப் போன்ற லித்தியம் பேட்டரிப் பொருள்களைப் பொறுத்தவரை விஷயம் பொருட்சேதத்தோடு நிற்பதில்லை. விழுந்த பேட்டரிக்குள் தகடுகள் நடுவே உள்ள மெல்லிய தடுப்பு கிழிந்தால் உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக்கூடச் சூடாகி எரியும். கவர் உப்பியிருந்தால், தொட்டால் சூடாக இருந்தால், பெயின்ட் தின்னர் மாதிரி இனிப்பு கலந்த நெடி அடித்தால், உஸ் என்ற சத்தம் வந்தால், அதைப் பையில் போடாதீர்கள். திறந்த வெளியில் மற்றப் பார்சல்களிலிருந்து தள்ளி வைத்துவிட்டு ஹப்புக்குத் தெரிவியுங்கள். தீப்பிடித்துவிட்டால் விலகி நின்று தண்ணீரைத் தாராளமாக ஊற்றுங்கள். உள்ளே இருக்கும் சூட்டைத் தணிக்கத் தண்ணீரைப்போல வேறு எதுவும் கைக்கு எளிதாகக் கிடைக்காது.

தீபாவளி நேரத்தில் ‘கிஃப்ட் பாக்ஸ்’ என்று எழுதிய சிவகாசிப் பட்டாசு பிக்கப்புக்கு வரும். ஆன்லைனில் பட்டாசு விற்க உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை விதித்தது. சாதாரணப் பார்சலில் பட்டாசை ஏற்றுவது சட்டப்படியும் தப்பு, மற்றவர் பெட்டிகளோடு லாரியில் பத்து மணி நேரம் வருவது உயிருக்கும் ஆபத்து. எவ்வளவு தெரிந்தவர் கேட்டாலும் பிக்கப் எடுக்காதீர்கள்.

மழை, வெயில்

அட்டைப்பெட்டியின் அடுக்குகளை ஒட்டியிருப்பது பெரும்பாலும் மாவுப்பசை. தண்ணீர் பட்டால் பசை விட்டுப்போகும், காயவைத்தாலும் பழைய பலம் வராது. மழையே வேண்டாம், காற்றின் ஈரமே போதும். ஈரப்பதம் 50 சதவீதத்திலிருந்து 90 சதவீதத்துக்குப் போனால் பெட்டி தாங்கும் சுமை ஏறக்குறைய பாதியாகிறது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையிலும் கடலூரிலும் நாகையிலும் காற்றே அப்படித்தான் இருக்கும். கோடையில் ஐந்து அடுக்கு நின்ற பெட்டி அடைமழைக் காலத்தில் மூன்று அடுக்குக்கே பிதுங்குவதன் காரணம் இது. ஹப் நடத்துகிறவர்கள் அந்த இரண்டு மாதங்களுக்கு அடுக்கு உயரத்தைக் குறைத்துவிட வேண்டும், தரையில் நேராக வைக்காமல் மரப் பலகைமேல் வைக்க வேண்டும்.

பைக்கு மழை உறை இருந்தால் மட்டும் போதாது. ஜிப் வழியாகவும் தையல் வழியாகவும் தண்ணீர் இறங்கி அடியில் தேங்கும், அடியில் இருக்கும் பெட்டிதான் முதலில் ஊறும். பைக்குள்ளே ஒரு பெரிய பாலித்தீன் பையை விரித்து, அதற்குள் பார்சல்களை வைத்து வாயை முறுக்கிச் செருகுங்கள். மழை உறை அதற்கு மேல். லேபிளுள்ள பக்கம் உள்நோக்கி இருக்கட்டும். லேபிள் கெட்டால் பார்சல் அநாதையாகிவிடும். அந்த லேபிள்கள் வெப்பத்தால் அச்சாகும் காகிதம் என்பதால் கடும் வெயிலில் கிடந்தாலும் கறுத்துப்போகும், சானிடைசர் பட்டாலும் எழுத்து கலையும்.

வெயிலில் நிறுத்திய மூடிய வேனுக்குள் ஒரு மணி நேரத்தில் வெளியே உள்ளதைவிட 15 முதல் 20 டிகிரி கூடுதலாக ஏறும். சித்திரை, வைகாசியில் வெளியே 40 என்றால் உள்ளே 55 தாண்டும். சாக்லேட் 30 டிகிரிக்கு மேலேயே இளகிவிடும், அது போனால் போகட்டும். மருந்து அப்படியில்லை. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். வெயிலில் கெட்டுப்போன இன்சுலின் பார்வைக்கு நல்ல இன்சுலின் போலவே இருக்கலாம். போட்டுக்கொள்கிறவருக்குச் சர்க்கரை இறங்காமல் இருக்கும்போதுதான் தெரியும். அதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது: கெட்டியாக உறைந்த ஜெல் பேக்கோடு மருந்து நேரடியாக ஒட்டிக்கொண்டிருந்தால் இன்சுலின் உறைந்துபோகும். உறைந்தது உருகினாலும் பயன்படாது. ரூட்டில் மருந்துப் பார்சல் இருந்தால் அதை முதல் ஐந்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள், ரூட் ஆப் என்ன சொன்னாலும் சரி.

வாசலில்

கேட்டுக்கு மேல் எறிவதைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டேன். காம்பவுண்டு சுவர்மேல் வைப்பதும் அதே உயரம்தான். பூனை தள்ளினாலும் காற்று தள்ளினாலும் விழும். ஆள் இல்லையென்றால் போன் செய்து, அவர்கள் சொல்லும் இடத்தில் வைத்து, வீட்டு எண்ணும் பார்சலும் ஒன்றாகத் தெரியும்படி படம் எடுங்கள். இனிப்புப் பார்சலைத் தரையில் வைக்காதீர்கள், கால் மணி நேரத்தில் எறும்பு வரிசை கட்டும். இறைச்சி, மீன், நாய்த்தீனி வாசனை வரும் பெட்டியைத் தெருநாய் விட்டுவைக்காது. வாட்ச்மேனிடம் கொடுத்தால் பெயரைக் கேட்டுக்கொண்டு, வாங்கவேண்டியவருக்கு அதைக் குறுஞ்செய்தியில் அனுப்புங்கள். வாட்ச்மேன் அறையில் பார்சல்கள் எப்படிக் குவிகின்றன என்பதைப் பார்த்தவர்கள், கனமானதைத் தாங்களே குனிந்து அடியில் வைத்துவிட்டு வருவார்கள்.

பெட்டி நசுங்கியிருந்தால் மறைக்காதீர்கள். “அம்மா, பெட்டி ஒரு பக்கம் நசுங்கியிருக்கு. நான் ஹப்ல எடுத்த படம் இருக்கு. திறந்து பார்த்துட்டு ஓடிபி சொல்லுங்க” என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் கோபப்படுவதில்லை. ஓடிபியை முதலில் வாங்கிக்கொண்டு பெட்டியைப் பிறகு நீட்டுவதுதான் சண்டையைக் கிளப்புகிறது. லேபிளில் பெயர், முகவரி, சில சமயம் செல் நம்பரும் இருக்கும். அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் “இந்த வீடு எங்கே?” என்று போடுவதும் பார்சலைக் கவனக்குறைவாகக் கையாள்வதுதான், குறிப்பாகத் தனியாக இருக்கும் பெண்கள், வயதானவர்கள் விஷயத்தில்.

வாங்குபவர் பக்கமும் வேலை உண்டு. ஃபோன், டி.வி. போன்றவற்றுக்குத் திறந்து காட்டும் டெலிவரி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பிரிக்கும்போது லேபிளிலிருந்து தொடங்கி ஒரே வீடியோவாக எடுங்கள். சேதமென்றால் பெட்டியையும் உள் பேக்கிங்கையும் தூக்கி எறியாதீர்கள், எங்கே அடிபட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. ஆன்லைன் கடை பதில் சொல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. லாரி சர்வீஸ் மூலம் வீட்டுச் சாமான் அனுப்பியவர்கள், சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருந்தால்தான் வழக்குப் போட முடியும். பலர் அந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள்.

மேலே சொன்னதெல்லாம் ஒரு பார்சலுக்குக் கூடுதலாகப் பத்து நொடி கேட்கும். ஒரு நாளைக்கு 80 பார்சல் என்று வைத்துக்கொண்டால் 800 நொடி, அதாவது 13 நிமிடம் சொச்சம். பார்சலுக்கு இவ்வளவு ரூபாய் என்று வாங்குகிறவருக்கு அந்த 13 நிமிடம் மூன்று நான்கு டெலிவரியின் கூலி. அவரிடம் போய்க் கவனமாக இரு என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்த நேரத்துக்குக் காசு கொடுக்காமல் இருப்பது நியாயமில்லை. ரூட் போடும் கணக்கிலேயே அந்த நிமிடங்களைச் சேர்க்க வேண்டும். உடைந்த ஒரு மிக்ஸி திரும்பிப் போக, மாற்று மிக்ஸி வர, ஆகும் இரண்டு பயணச் செலவை வைத்துப் பார்த்தால் நிறுவனத்துக்கு இது நஷ்டக் கணக்கும் இல்லை. கவனத்தைக் கேட்கிறவர்கள் முதலில் நேரத்தைக் கொடுக்கட்டும்.

கடைசியாக ரிட்டர்ன் பிக்கப். திரும்பி வரும் பெட்டிதான் இருப்பதிலேயே மோசமாகக் கட்டப்பட்டது. வாங்கியவர் பபுள் ஷீட்டைக் குழந்தைகளிடம் வெடிக்கக் கொடுத்திருப்பார், டேப் தீர்ந்துபோயிருக்கும். பையில் ஒரு ரோல் டேப், பழைய செய்தித்தாள் நாலைந்து வைத்துக்கொள்ளுங்கள். பொருள், மாடல், சீரியல் எண், சேதம் உண்டா என்பதை வாங்கும் முன் அவர்கள் எதிரிலேயே பார்த்துப் படம் எடுங்கள். காலி இடத்தில் கசக்கிய செய்தித்தாளை இறுக்கித் திணியுங்கள், மூடியபின் அட்டை லேசாக எதிர்த்து அழுத்தும் அளவுக்கு. அடியிலும் மேலேயும் நடுக்கோட்டில் ஒரு டேப், இரு ஓரங்களிலும் குறுக்கே ஒவ்வொன்று என்று ஆங்கில ஐ எழுத்து வடிவில் ஒட்டுங்கள். பழைய லேபிளின் பார்கோடு மேல் பேனாவால் குறுக்கே கோடு போடுங்கள்; இல்லையென்றால் கிடங்கு இயந்திரம் அதைப் படித்து, பெட்டியை மறுபடி அதே வீட்டுக்கு அனுப்பிவிடும்.